ஒரே ஒரு கற்பனைச் சண்டை பார்க்கலாம் என்றால், எதைக் கேட்பது?

குத்துச்சண்டை ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடும். அலியும் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? அந்தக் காலத்துச் சாம்பியன் ஜோ லூயிஸ் இன்றைய ஹெவிவெயிட்களிடம், அதாவது மிகக் கனமான எடைப் பிரிவு வீரர்களிடம், தாக்குப்பிடித்திருப்பாரா? மணிக்கணக்கில் பேசினாலும் இதற்கு முடிவு வராது. ஒருவர் 1967 அலியை மனதில் வைத்துப் பேசுவார், எதிரில் இருப்பவர் 1975 அலியை. ஒருவர் 15 சுற்று என்று நினைத்திருப்பார், மற்றவர் 12 என்று. இருவரும் பேசுவது ஒரே சண்டையைப் பற்றியே இல்லை.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எல்லாக் காலத்துச் சாம்பியன்களும் தங்கள் உச்சத்தில் தயாராக நிற்கிறார்கள், ஆனால் ஒரே ஒரு சண்டைக்குத்தான் அனுமதி என்றால் எதைக் கேட்பது? இப்படிக் கேட்டால் யார் பெரியவர் என்ற சண்டை கொஞ்சம் ஒதுங்குகிறது. எந்த மோதல் நமக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் காட்டும் என்று யோசிக்க வேண்டி வருகிறது. பல ஜோடிகளைத் தள்ளிய பிறகு எனக்கு மிஞ்சுபவை நான்கு: மார்சியானோ (1950களின் ஹெவிவெயிட் சாம்பியன்) – அலி, அலி – டைசன், அலி – உசிக் (இந்தக் காலத்து ஹெவிவெயிட்), ராபின்சன் – லெனர்ட் (எடை குறைந்த பிரிவின் இரு 'சுகர் ரே'க்கள்).

முதலில் விதிகளைப் பேசி முடித்துவிட வேண்டும். பழைய வீரரை இன்றைய உணவு, இன்றைய பயிற்சி, இன்றைய மருத்துவம் எல்லாம் கொடுத்து வளர்த்துப் பார்க்கலாம் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படி வளர்கிறவர் வேறு ஆள். சுகர் ரே ராபின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 பிப்ரவரி 5 அன்று டெட்ராய்ட்டில் ஜேக் லமோட்டாவிடம் தோற்றார். அவர் தொழில்முறையில் கண்ட முதல் தோல்வி அதுதான். 19ஆம் தேதி ஜாக்கி வில்சனோடு மோதி ஜெயித்தார். 26ஆம் தேதி மறுபடியும் லமோட்டாவின் முன்னால் நின்றார், அந்த முறை ஜெயித்தார். மூன்று வாரத்தில் மூன்று சண்டை. இன்று ஒரு சாம்பியன் வருஷத்துக்கு இரண்டு முறை ரிங்கில் இறங்கினால் அதிகம். அந்த ஓயாத சண்டைதான் ராபின்சனைச் செதுக்கியது. அதை எடுத்துவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொருவரும் தன் உச்ச நாளில் எப்படி இருந்தாரோ அப்படியே வரட்டும்.

அடுத்தது சுற்றுகளின் எண்ணிக்கை. இதை ரொம்பப் பேர் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு 14 சுற்று மோதிய தென்கொரிய வீரர் டக் கூ கிம் மூளைக் காயத்தால் சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகு முதலில் பட்டம் வழங்கும் அமைப்பான டபிள்யூபிசியும், சில ஆண்டுகளில் மற்ற அமைப்புகளும் பட்டப்போட்டியை 12 சுற்றாகக் குறைத்தன. நியாயமான முடிவு. ஆனால் கற்பனையில் இந்த மூன்று சுற்று வரலாற்றையே புரட்டிப்போடும். 1941இல் ஜோ லூயிஸை எதிர்த்து பில்லி கான் 12 சுற்று முடிந்தபோது முன்னணியில் இருந்தார், 13ஆம் சுற்றில் விழுந்தார். 1952இல் மார்சியானோவை எதிர்த்து ஜெர்சி ஜோ வால்காட் முன்னணியில் இருந்தார், அவரும் 13ஆம் சுற்றில் ஒரே ஒரு வலது குத்தில் விழுந்தார். 1981இல் லெனர்டை எதிர்த்து தாமஸ் ஹேர்ன்ஸ் 13 சுற்று முடிந்த பிறகும் மூன்று நடுவர்களின் அட்டையிலும் முன்னே இருந்தார், 14இல் சண்டை நிறுத்தப்பட்டது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் லூயிஸின் தொடர் வெற்றி 1941இலேயே முறிந்திருக்கும், மார்சியானோ 49–0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்று ஓய்வு பெற்றிருக்க மாட்டார், லெனர்ட் தன் மிகப் பெரிய வெற்றியை இழந்திருப்பார். பழைய காலத்து ஆள் ஒருவர் ரிங்கில் இருந்தால் 15 சுற்றுதான் என்பது என் முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை, எடை பார்ப்பது சண்டை நடக்கும் அன்றே. முதல் நாளே எடை பார்க்கும் இன்றைய வழக்கத்தில், உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து வெல்டர்வெயிட் பிரிவின் வரம்பான 147 பவுண்டு காட்டிவிட்டு, மறுநாள் அதைவிடப் பல பவுண்டு கூடுதலாக ரிங்கில் ஏற முடியும். பழைய காலத்தில் அந்த வசதி கிடையாது.

இந்த நிபந்தனைகளை வைத்துப் பார்க்கும்போதே ஜாக் ஜான்சனும் ஜாக் டெம்ப்சியும் என் பட்டியலில் இருந்து விலகிவிடுகிறார்கள். 1910இல் ரீனோவில் ஜான்சன் – ஜெஃப்ரிஸ் சண்டைக்கு வகுத்த தூரம் 45 சுற்று. 1919இல் டொலிடோவில் டெம்ப்சி முதல் சுற்றிலேயே ஜெஸ் வில்லர்டை ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்போது பக்கத்திலேயே நின்று மறுபடி அடிக்க அன்று இடம் இருந்தது. தூரத்தில் உள்ள, யாருக்கும் சொந்தமில்லாத மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி வந்த பிறகு, 1927இல் சிகாகோவில் அதே டெம்ப்சி ஜீன் டன்னியை வீழ்த்திவிட்டு உடனே மூலைக்குப் போகாததால் எண்ணுவது தாமதமானது. டன்னி எழுந்தார், சண்டையையும் ஜெயித்தார். இவர்களுடைய காலத்து விளையாட்டே வேறு. இன்றைய ரிங்கில் நிறுத்தினால் அவர்களுக்கு அநியாயம், அன்றைய ரிங்கில் நிறுத்தினால் மற்றவருக்கு அநியாயம்.

இனி ஜோடிகளுக்கு வருவோம்.

மார்சியானோ – அலி கற்பனைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. அதைப் படமாகவே எடுத்தார்கள். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வோரோனர் 1967இல் கணினியை வைத்து எல்லாக் காலத்து ஹெவிவெயிட்களுக்கும் ஒரு வானொலிப் போட்டித்தொடர் நடத்தினார். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக ஒலிபரப்பானது. கோபத்தில் அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சமரசமாகி, 1969இல் அவரும் மார்சியானோவும் கேமரா முன்னால் நின்று சண்டைபோட்டார்கள். மார்சியானோ இதற்காக உடம்பைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளை எடுத்து வைத்திருந்தார்கள். படம் 1970 ஜனவரியில் திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் 13ஆம் சுற்றில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார். அதைப் பார்க்க மார்சியானோ உயிரோடு இல்லை. படப்பிடிப்பு முடிந்து கொஞ்ச நாளிலேயே, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார்.

அந்த முடிவை நான் ஏற்கவில்லை. கணினிக்குக் கொடுத்த எண்கள் எல்லாம் மனிதர்கள் தீர்மானித்தவை. உண்மையான அளவுகளைப் பாருங்கள்: மார்சியானோ சுமார் 185 பவுண்டு, கை நீட்டம் 68 அங்குலம். அலி 210க்கு மேல், கை நீட்டம் 78 அங்குலம். பத்து அங்குல வித்தியாசத்தைக் கடந்துதான் மார்சியானோ ஒவ்வொரு முறையும் உள்ளே வர வேண்டும், அதுவும் ஜேப் (முன் கையைச் சட்டென்று நேராக நீட்டும்) குத்தில் அலி அளவுக்கு வேகம் காட்டிய ஹெவிவெயிட் அதற்கு முன் இல்லை. 1954இல் எஸ்ஸர்ட் சார்ல்ஸோடு நடந்த இரண்டாவது சண்டையில் மார்சியானோவின் மூக்கு பிளந்து ரத்தம் நிற்காமல் கொட்டியது. சண்டையை எங்கே நிறுத்திவிடுவார்களோ என்ற நிலையில்தான் எட்டாம் சுற்றில் சார்ல்ஸை வீழ்த்தினார். அலியின் ஜேப் முகத்தைக் கிழிப்பதில் பேர்போனது, ஹென்றி கூப்பரை இரண்டு முறையும் அலி ஜெயித்தது கூப்பரின் கண்ணோரக் காயத்தால்தான். பத்தாம் சுற்றுக்குள் நடுவர் நிறுத்திவிடுவார் என்பது என் கணிப்பு. மார்சியானோவின் நெஞ்சுரத்துக்கு நான் தலைவணங்குகிறேன், ஆனால் இதில் எனக்குக் கேள்வி மிச்சமில்லை.

அலி – டைசன்தான் எல்லோருக்கும் பிடித்தது. 1966 நவம்பரில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று சுற்றில் முடித்த அலி ஒரு பக்கம். 1988 ஜூன் 27 அன்று அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்த டைசன் மறுபக்கம். கேட்கும்போதே ரத்தம் சூடேறுகிறது.

டைசனுக்குச் சாதகமாக ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அலிக்கு ஒரு பழக்கம் உண்டு: குத்து வரும்போது கைகளை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டபடி, தலையை நேராகப் பின்னால் இழுத்துக்கொள்வார். பாடப்புத்தகம் கூடாது என்று சொல்லும் வேலை. நேராக வரும் ஜேபும் வலது குத்தும் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் தீர்ந்துபோகும். ஆனால் பக்கவாட்டில் வளைந்து வரும் இடது ஹுக்குக்கு அந்தத் தாடை திறந்தே கிடந்தது. 1962இல் சன்னி பேங்க்ஸ் இடது ஹுக்கால் வீழ்த்தினார். 1963இல் வெம்ப்ளியில் கூப்பர் நான்காம் சுற்றின் கடைசி விநாடிகளில் அதே ஹுக்கால் வீழ்த்தினார், மணி அடித்துக் காப்பாற்றியது. 1971இல் ஜோ ஃப்ரேசியர் 15ஆம் சுற்றில் அதே ஹுக்கால் வீழ்த்தினார். டைசனின் இடது ஹுக் பேங்க்ஸுடையதையும் கூப்பருடையதையும்விடப் பல மடங்கு வேகமானது. முதல் நான்கு சுற்றுக்குள் அலி ஒரு முறையாவது தரையில் உட்காருவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, எழுந்துவிட்டால்? ஃப்ரேசியரின் அந்த ஹுக்குக்கே சில விநாடியில் எழுந்து நின்றவர் அலி. அப்புறம் ஆட்டம் மாறும். டைசன் கன்னத்தோடு இரண்டு கையுறைகளையும் ஒட்டிவைத்து, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே உள்ளே வருவார். அவர் உயரம் 5 அடி 10 அங்குலம், கை நீட்டம் 71 அங்குலம். உள்ளே வந்ததும் எதிராளி கட்டிப்பிடித்துவிட்டால் என்ன செய்வார் என்பதற்கு 1987 பதில் சொல்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் போன்கிரஷர் ஸ்மித் 12 சுற்றும் அவரைப் பிடித்துப் பிடித்தே ஓட்டினார், ஆகஸ்டில் டோனி டக்கர் 12 சுற்று தாக்குப்பிடித்தார். இரண்டிலும் டைசன்தான் ஜெயித்தார், ஆனால் சுற்றுகள் ஏற ஏற கூட்டுக் குத்துகள் குறைந்து ஒற்றைக் குத்துகளாகிவிட்டன. அப்போது பயிற்சியாளர் கெவின் ரூனி அவருடன்தான் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றது ரூனி போன பின் சீர்குலைந்த டைசன் என்று தள்ளிவிடலாம். 1987ஐ அப்படித் தள்ள முடியாது. எதிராளியின் பின்கழுத்தில் கையை வளைத்து அழுத்திப் பிடிப்பதில் அலி கைதேர்ந்தவர். 1974இல் ஃப்ரேசியரை அப்படித்தான் 12 சுற்றும் அடக்கினார்.

டைசன் பாணிக்கு மிக நெருங்கி வரும் ஆளோடு அலி ஏற்கெனவே மோதியிருக்கிறார் என்பதுதான் இதில் முக்கியம். குட்டையான உருவம், குனிந்து வளைந்து முன்னேறும் நடை, உயிரை எடுக்கும் இடது ஹுக்: அது ஃப்ரேசியர். 1971, 1974, 1975 மூன்று சண்டையிலும் சேர்த்து 41 சுற்று. டைசனுக்கு ஃப்ரேசியரைவிட வேகம் அதிகம், இரண்டு கையிலும் பலம் உண்டு. ஃப்ரேசியருக்கோ 14ஆம் சுற்றிலும் முன்னால் மட்டுமே போகத் தெரியும். என் கணிப்பு: விழுந்து எழுந்த அலி 11ஆம் சுற்றில் ஜெயிப்பார். பார்க்க ஆசைதான். ஆனால் இந்தச் சண்டையின் முக்கால்வாசியை இருக்கிற படங்களை அடுத்தடுத்து ஓட்டியே பார்த்துவிடலாம்.

அலி – உசிக் இன்னும் கடினமான கேள்வி, அதனால் இன்னும் நல்ல கேள்வி. ஹெவிவெயிட் கற்பனைகளில் எப்போதும் உடம்பு குறுக்கே வரும். இங்கே இருவருமே 6 அடி 3 அங்குலம், இருவருக்கும் கை நீட்டம் 78 அங்குலம். உசிக் சில பவுண்டு கூடுதல், அவ்வளவுதான். இன்றைய ராட்சதர்களிடம் பழைய ஆட்கள் நசுங்கிவிடுவார்கள் என்ற வாதத்தையும் உசிக்கே உடைத்தார். தன்னைவிட முதல் முறை சுமார் 40, இரண்டாம் முறை சுமார் 55 பவுண்டு கனமான, 6 அடி 9 அங்குல டைசன் ஃப்யூரியை 2024இல் ரியாத்தில் இரண்டு முறை ஜெயித்தார். உசிக் இடதுகை ஆட்டக்காரர். அலி 1966இல் ஃபிராங்க்பர்ட்டில் இடதுகை ஆட்டக்காரரான கார்ல் மில்டன்பெர்கரை 12ஆம் சுற்றில்தான் முடிக்க முடிந்தது, அதுவும் நிறையத் திணறிய பிறகு. உசிக்கைத் தொந்தரவு செய்ய வயிற்றில் அடிக்க வேண்டும் என்பார்கள். அலியோ கிட்டத்தட்ட எல்லாக் குத்தையும் தலைக்கே வீசியவர். எனக்கு இதில் சரிபாதி வாய்ப்புதான் தெரிகிறது. அப்படியிருந்தும் இதை நான் கேட்க மாட்டேன். இருவரையும் உச்ச நாட்களில் எல்லாக் கோணத்திலும் படமாகப் பார்த்துவிட்டோம். புதிதாகக் கிடைப்பது யார் கை உயர்ந்தது என்ற ஒரு தகவல்தான்.

ராபின்சன் விஷயம் அப்படியல்ல. எல்லா எடையையும் சமமாக்கிப் பார்த்தால் இவர்தான் தலைசிறந்தவர் என்று பல தலைமுறையாகச் சொல்லப்படும் ஆள், தன் உச்சத்தில் எப்படி ஆடினார் என்பதை நாம் கிட்டத்தட்டப் பார்த்ததே இல்லை. அவர் உச்சத்தில் இருந்தது 1940களில், 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில். அந்தக் காலச் சண்டைகள் பெரும்பாலும் படமாக மிஞ்சவில்லை. நாம் வியந்து பார்ப்பதெல்லாம் பிறகு 160 பவுண்டு மிடில்வெயிட்டில் ஆடியவை: 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் லமோட்டாவை 13ஆம் சுற்றில் நிறுத்தவைத்த சண்டை, அதே ஆண்டு ராண்டி டர்பினைப் பழிதீர்த்த சண்டை, 1957 மே மாதம் ஜீன் ஃபுல்மரை வீழ்த்திய அந்த ஒற்றை இடது ஹுக். ஃபுல்மரை அடித்தபோது ராபின்சனுக்கு 36 வயது ஆக இரண்டே நாள் இருந்தது. பின்னால் நகர்ந்துகொண்டே அடித்த குத்து அது. பின்னால் போகும்போது குத்தில் பலம் இருக்காது என்பது எல்லாப் பயிற்சியாளரும் சொல்லும் பாடம். 36 வயதில், தன் இயல்பான எடைக்கு ஒரு படி மேலே நின்று இதைச் செய்தவர், 25 வயதில் 147 பவுண்டில் என்னவெல்லாம் செய்திருப்பார்? இந்த ஒரு கேள்விக்காகவே நான் என் ஒரே அனுமதியைச் செலவழிப்பேன்.

எதிரே யாரை நிறுத்துவது? மேவெதர் என்பார்கள் நிறையப் பேர். 50–0, தோளை உருட்டிக் குத்தை வழுக்கவிடும் தடுப்பு, எல்லாம் சரி. ஆனால் அவர் 130 பவுண்டில் பட்டம் வாங்கி மேலே வந்தவர், 12 சுற்றுக்கே பழகியவர். 1981 செப்டம்பர் 16 அன்று லாஸ் வேகாஸில் ஹேர்ன்ஸை எதிர்த்து ஏறிய சுகர் ரே லெனர்டையே நான் கேட்பேன். அந்தச் 'சுகர்' பட்டப்பெயரே ராபின்சனிடமிருந்து வந்ததுதான். ராபின்சன் 5 அடி 11, லெனர்ட் 5 அடி 10. ராபின்சனின் கை நீட்டம் 72½ அங்குலம், லெனர்டுக்கு 74. இருவருக்கும் இயல்பான எடை 147. இருவரும் 15 சுற்று ஆடியவர்கள். நான்கு ஜோடிகளில் உடம்பளவும் காலமும் ஒத்துவந்து, எந்த நிபந்தனையையும் வளைக்காமல் அப்படியே ரிங்கில் ஏற்றக்கூடிய ஜோடி இது ஒன்றுதான்.

அனுபவத்தில் மட்டும் பெரிய இடைவெளி. 1946 டிசம்பரில் டாமி பெல்லை ஜெயித்துப் பட்டம் வாங்கியபோது ராபின்சனுக்குப் பின்னால் 70க்கும் மேற்பட்ட சண்டைகள், ஒரே ஒரு தோல்வி. 1979இல் வில்ஃப்ரெட் பெனிட்டஸை ஜெயித்துப் பட்டம் வாங்கியபோது லெனர்ட் 25 சண்டைகள்தான் முடித்திருந்தார். ஆனால் அந்தச் சண்டையில் தொடங்கி இரண்டே ஆண்டுக்குள் லெனர்ட் சந்தித்தது பெனிட்டஸ், டுரான், ஹேர்ன்ஸ்! 1980 ஜூனில் மாண்ட்ரியலில் டுரான் அவரைச் சீண்டிச் சீண்டித் தன் இஷ்டத்துக்கு ஆடவைத்து ஜெயித்தார். ஐந்தே மாதத்தில் நியூ ஆர்லியன்ஸில் லெனர்ட் ஆட்டத்தையே மாற்றி, டுரானை எட்டாம் சுற்றில் தானாகவே விலகவைத்தார். தோற்ற பாடத்தை இவ்வளவு சீக்கிரம் கற்ற வீரர்கள் குறைவு.

சண்டை எப்படிப் போகும்? முதல் ஐந்தாறு சுற்று இருவரும் ஜேபால் தூரத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். லெனர்ட் கால்வேகத்தில் வட்டமிட்டு, சுற்று முடியும் கடைசி அரை நிமிடத்தில் குத்துகளைப் பொழிந்து நடுவர்கள் கண்ணில் படுவார். 1987இல் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரை ஜெயித்ததில் அந்த உத்திக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் இரண்டு மூன்று சுற்றுகள் அவருக்குக் கிடைக்கும். அதன் பிறகு ராபின்சனின் இடது கை வேலையைத் தொடங்கும்: முதல் ஹுக் விலாவுக்கு, அதே கை மடங்கிய நிலையிலேயே இரண்டாவது ஹுக் தாடைக்கு. ஹேர்ன்ஸ் சண்டையில் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. அந்தப் பயங்கரக் குத்துக்காரர் பின்னால் நகர்ந்து ஜேபால் ஆட ஆரம்பித்ததும், லெனர்டால் பல சுற்று அவரைப் பிடிக்க முடியவில்லை. ஹேர்ன்ஸுக்குப் பின்னால் போகும்போது ஆளை வீழ்த்தும் குத்து இல்லை. ராபின்சனுக்கு இருந்தது. லெனர்ட் துரத்தினால் ஃபுல்மருக்குக் கிடைத்ததே கிடைக்கும், துரத்தாவிட்டால் சுற்றுகள் கைவிட்டுப் போகும்.

லெனர்டுக்கும் வழி இல்லாமல் இல்லை. ராபின்சன் விழாத ஆள் அல்ல. அந்த 1946 பட்டப்போட்டியிலேயே பெல் அவரைத் தரையில் வீழ்த்தினார், 1943இல் லமோட்டா கயிறுகளைத் தாண்டி வெளியே விழ அடித்தார். லெனர்டோ கடைசிச் சுற்றுகளில் எதிராளி தடுமாறுவதைப் பார்த்தால் விடமாட்டார்: பெனிட்டஸை நிறுத்தியது 15ஆம் சுற்றில், ஹேர்ன்ஸை 14ஆம் சுற்றில். ஆனால் சுமார் 200 சண்டைகளில் ராபின்சன் முடிவுக்கு முன்னால் நின்றுபோனது ஒரே ஒரு முறைதான். 1952 ஜூனில் யாங்கீ ஸ்டேடியத்தில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்சிமை எதிர்த்தபோது, 13ஆம் சுற்றுக்குப் பிறகு ஸ்டூலை விட்டு எழ முடியவில்லை. அதுவும் குத்தால் இல்லை, வெப்பத்தின் கொடுமையால். அந்த வெப்பத்தில் ரிங் நடுவரே தாங்க முடியாமல் பாதியில் இறங்கி, வேறு நடுவர் ஏற வேண்டியிருந்தது. அதுவரை அட்டைகளில் ராபின்சன்தான் முன்னே இருந்தார்.

ஆகவே ஒன்பதாம் சுற்று வாக்கில் லெனர்ட் ஒரு முறை விழுவார், கடைசி மூன்று சுற்றில் எதுவோ ஒன்றில் ராபின்சன் விழுவார், இருவரும் எழுந்துவிடுவார்கள். 12 சுற்றோடு நிறுத்தினால் முடிவு இவ்வளவு நெருங்கி வராது, லெனர்டின் நல்ல சுற்றுகளில் பாதி அதற்குப் பிறகுதான். 15ஆம் சுற்று மணி அடிக்கும்போது, அந்தக் காலத்து வழக்கப்படி சுற்றுகளை எண்ணினால் என் அட்டையில் ராபின்சன் 8, லெனர்ட் 6, ஒன்று சமம்.